பணியில் இருக்கும் கை

கணவர் இறந்த பிறகு ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, சாப்பாட்டு டப்பா மூன்றையும் வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் சிலிகோன் ரப்பர் மேம்பாட்டு நிறுவனத்துக்கு வந்திருந்தாள். வேலை செய்துகொண்டிருந்தபோதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததால், வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சாமான்களெல்லாம் இங்கேயே தங்கிவிட்டன.

"அதையெல்லாம் அவர் கையிலதான் கொடுக்க முடியும்மா. வேற யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது," என்றார் வாசலில் நின்றிருந்த கடைநிலை ஊழியர். எந்நேரமும் கையில் ஒரு தட்டை ஏந்திக்கொண்டே இருப்பதால் எல்லாரும் அவரைத் தட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"நான் கலவைக்காரர் சம்சாரம்ங்க. அவர் தவறிட்டாரு."

"தெரியும்மா. ஆஸ்பத்திரிக்கு நானும் வந்திருந்தேனே. ஆனா உள்ளதான் இருக்காரு. காலையிலயே வந்துட்டாரு."

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் வருத்தமே தெரிந்தது. 

விஷயம் இதுதான். கை இழந்தவர்களுக்கு அசல் கை மாதிரியே சிலிகோன் ரப்பரில் கை செய்து கொடுப்பதற்காக ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம் அது. ஆரம்பித்த கையோடு, வாசலில் உள்ளங்கையை வைத்தால் மட்டுமே திறக்கும் ஒரு கண்ணாடிக் கதவையும் மாட்டினார்கள். கை இழந்த ஒருவர் எப்போதோ ஒருமுறை விண்ணப்பிக்க வந்தாராம். கதவில் வைக்கக் கை இல்லாததால் உள்ளே வர முடியவில்லை. வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வராததால், தேவை முழுவதுமாகத் தீர்ந்துவிட்டது என்று நிறுவனம் அறிக்கை வெளியிட்டது.

அவள் கணவருக்கு அங்கே கலவை போடுகிற வேலை. இரண்டு வாளிகளில் இரண்டு திரவங்கள் இருக்கும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் சும்மா கிடக்கும், சேர்த்துக் கலந்தால் இறுகிவிடும். கலக்கும்போது உள்ளே புகுந்துவிடும் காற்றுக் குமிழிகளை எடுக்க, கலவையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சுவார்கள். அப்போது கலவை பால் மாதிரி பொங்கி மேலே வந்து பிறகு அடங்கும். அடங்குகிறவரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். "எங்க ஆபீஸ்ல பொங்காத ஆளே கிடையாது. பொங்கிட்டு அடங்கறது கலவை மட்டும்தான்," என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

மாதிரிக் கைக்கு அச்சு எடுப்பதற்காக ஒரு மனிதக் கை தேவைப்பட்டபோது அதிகாரிகள் ஒவ்வொருவராக முயன்றார்கள். பசைக்குள் கையை விட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பேசும்போதெல்லாம் யாரையாவது சுட்டிக்காட்டிப் பழகிய கைகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. கடைசியில் கலவைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கை அசையவில்லை. அப்படித்தான் அது மூலக் கை ஆயிற்று.

முதலில் வார்த்த கை மட்டும் சரியாக வரவில்லை. எல்லாப் பக்கமும் இறுகிவிட்டது, உள்ளங்கைப் பக்கம் மட்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தது. பெரிய விசாரணை நடந்தது. கடைசியில் குற்றவாளி அவள்தான் என்று கண்டுபிடித்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டில் அவள் பூண்டு போட்டிருந்தாள். கையில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சும்மா தண்ணீரில் அலம்பிக்கொண்டு அச்சுக்குள் கையை விட்டிருக்கிறார். பூண்டிலுள்ள கந்தகம் பட்டால், கலவையை இறுக வைக்கிற மருந்து செத்துவிடும். பட்ட இடம் எத்தனை வருஷமானாலும் இறுகாது. மறுநாளே பணியாளர் வீடுகளில் பூண்டு உரிக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. வாசலில் கைகளை முகர்ந்து பார்க்க ஓர் அதிகாரியும் நியமிக்கப்பட்டார். மூக்கு அடைத்துக்கொள்ளும் நாட்களில் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இரண்டாவது அச்சு எடுத்தார்கள். அதில் வார்த்த கை அச்சு அசலாக வந்தது. ரேகைகூடப் பிசகவில்லை. யாரோ விளையாட்டாக அதைக் கதவில் வைக்க, கதவு திறந்து, "வணக்கம். உங்கள் வருகை பதிவாகிவிட்டது," என்றது. கதவு ஏமாந்துவிட்டதே என்று யாரும் கவலைப்படவில்லை. கை வென்றுவிட்டது என்று விழா எடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் தட்டுக்காரர் அந்தக் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து வருகை பதிய வைப்பது முறையாயிற்று. கலவைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பதிந்தது. அடக்கம் செய்த அன்றும் பதிந்தது.

"ஒரு நாள்கூட வெளிய போனதா பதிவே இல்லம்மா," என்றார் தட்டுக்காரர். "காலையில உள்ள வர்றதை மட்டும்தான் நான் வைக்கிறேன். சாயந்திரம் வைக்கணும்னு யாரும் சொல்லல."

அவள் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். செருப்பும் டப்பாவும் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மேஜை மேல், தட்டில் அந்தக் கை மல்லாந்து கிடந்தது. விரல்கள் லேசாக மடிந்து, எதையோ கேட்டு நீட்டிய மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் அப்படித்தான் கையை நீட்டினார். "இருங்க, வெந்நீர் பிடிச்சுட்டு இதோ வந்துடறேன்," என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்தபோது போர்வையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த நீட்டிய கை அதற்குப் பிறகு அவளை விடவேயில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பக்கவாட்டில் நீண்டு நிற்பதுபோல் தோன்றும். திரும்பினால் இருக்காது.

அதனால் அவள் சாமான்களை மறந்துவிட்டாள். அந்தக் கையை ஒரு தடவை, வெறுங்கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

இயக்குநரிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டிருந்தது அவள் கணவரின் கை. குடை மாட்டுகிற கொக்கியும் அதுதான். இரண்டு கைகள் சேர்ந்து ஒரு பூச்சாடியை ஏந்திக்கொண்டிருந்தன. அவள் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

இயக்குநர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். "அவர் இறந்துட்டார்ங்கறது உங்க கருத்து," என்றார் இதமாக. "அதை நான் மதிக்கிறேன். ஆனா எங்க பதிவுல தினமும் வந்துட்டுதான் இருக்கார். வந்திருக்கிற ஒருத்தரை இல்லைன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதுவும் இல்லாம, மரணங்கறது ஒரு பொருள் குறைபாடு. எங்க பொருளுக்கு அந்தக் குறைபாடு கிடையாது."

ஒரு தடவை கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் விட்டால் போதும் என்று அவள் கேட்டாள். அவர் உடனே ஒப்புக்கொண்டு அவளைத் தொடுகைப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

அன்றிரவு வீட்டில் நாத்தனாரிடம் இதைச் சொன்னாள். "எங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே இவ்வளவு ஒழுங்கா ஆபீஸ் போனதில்லையே அண்ணி," என்றாள் நாத்தனார். இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள்.

மறுநாள் போனாள். தொடுகைப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. போகிற வழியெல்லாம் கதவுகளின் கைப்பிடிகள் அவர் கைகளாக இருந்தன. எல்லாம் உடம்புச் சூட்டில் வைக்கப்பட்டிருந்தன என்று கூட வந்தவர் பெருமையாகச் சொன்னார். அவளுக்காக அவரே ஒவ்வொரு கதவையும் திறந்துவிட்டார், கையுறை போட்டுக்கொண்டு. எங்கோ பம்ப் ஓடுகிற சத்தம் மூச்சு இழுப்பதுபோல் வந்துகொண்டேயிருந்தது. நடைபாதை முழுக்க ஒட்டுப்பசையின் புளித்த காடி வாசனை அடித்தது. கணவரின் சட்டையை ஊறவைக்கிறபோதெல்லாம் அதே வாசனைதான் வரும்.

பிரிவின் அதிகாரி ஓர் அம்மாள். மென்மையான குரலில், தொடுவது என்பது இரண்டு பொருட்களுக்கு இடையில் நடப்பது, ஆகவே இரண்டுமே தரத்தில் தேற வேண்டும் என்று விளக்கினார். பிறகு ஒரு சின்ன முள் கருவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ரப்பரின் கடினத்தை அளக்கிற கருவி. முள் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது.

"உங்க கை ரொம்பக் கடினமா இருக்கேம்மா. என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்டு வேலைதாங்க. பாத்திரம் தேய்ப்பேன், துணி துவைப்பேன்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். நிறுவனத்தின் கையைவிடக் கடினமான எதுவும் அதைத் தொடக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு தொடலாம்தான். ஆனால் கடையில் விற்கிற கையுறைகளில் கந்தகம் இருக்கும், அனுமதி இல்லை. நிறுவனமே சிலிகோனில் செய்த கையுறை ஒன்று உண்டு, அது கலவைக்காரரின் கை அளவுக்குச் செய்யப்பட்டது. அவள் கைக்குத் தொளதொளவென்று இருந்ததால் பொருத்தமின்மை என்று எழுதி அதையும் தள்ளிவிட்டார்கள்.

கடைசியில் விதியிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொடுநர் என்று ஒரு பதவி இருந்தது. தேர்வு எழுதித் தேறிய, கை மெத்தென்று இருக்கிற ஒரு வாலிபர். மனைவியின் சார்பில் அவர் பிடிப்பார், மனைவி எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கலவைக்காரரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.  அவளுக்குத் தன் வீட்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு அவர் எழுந்து அறிக்கையைப் படித்தார். வெதுவெதுப்பு, உண்டு. ஈரம், இல்லை. வழவழப்பு, திருப்திகரம். பிரிவுத் துயரம், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.

"அவரு திருப்பிப் பிடிச்சாரா தம்பி?" என்று கேட்டாள்.

தொடுநர் குழம்பிப்போய் அதிகாரியைப் பார்த்தார். "பிடிக்கறது எங்க தரக்குறிப்புல இல்லம்மா," என்றார் அதிகாரி.

அவள் வீட்டுக்கு வந்தாள். இரவெல்லாம் அந்த நீட்டிய கை கூடவே இருந்தது. யாரோ பிடித்துவிட்டதால் அது நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரமே விழா அழைப்பு வந்தது. இடைவிடாத வருகைக்காகக் கலவைக்காரருக்கு விருது. மனைவிக்கு முன்வரிசையில் இடம். அங்கே போனால் யாராவது மனம் இளகிக் கையைக் கொடுப்பார்கள் என்ற நப்பாசையில் அவள் போனாள்.

மண்டபத்தில் ஆட்கள் அதிகமில்லை. பணியாளர்கள் பெரும்பாலோரை நிறுவனம் குறைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் இரண்டு கம்பிகள், கம்பி நுனியில் இரண்டு கைகள். இயக்குநர் பேச எழுந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். மண்டபம் முழுக்க அவள் கணவரின் கைகள் ஒன்றையொன்று தட்டின. ரப்பர் என்பதால் சத்தம் கணீரென்று வரவில்லை. தொப் தொப்பென்று, ஈரத் தரையில் நடக்கிற மாதிரி கேட்டது. அவள் தன் கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"நமது நிறுவனத்தின் வளர்ச்சியைப் பாருங்கள்," என்றார் இயக்குநர். "பழைய முறையில் ஒரு கை செய்வதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். கலக்க வேண்டும், குமிழி எடுக்க வேண்டும், அச்சில் ஊற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். இன்று இயந்திரமே இரண்டு திரவத்தையும் உறிஞ்சிக்கொண்டு, கலந்து, சூடான அச்சுக்குள் பீய்ச்சுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கை வந்து விழுகிறது. யாருக்காக இவ்வளவு கைகள் என்று சிலர் கேட்கிறார்கள். கொடுத்தால் உபயோகிப்பார்கள், உபயோகித்தால் தேயும், தேய்ந்தால் தரம் குறையும். தரத்தைக் காப்பாற்றத்தான் நாம் இதுவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை."

தொப் தொப்பென்று கைகள் தட்டின.

"நமது கலவைக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் விடுப்பு எடுத்திருக்கிறார், சம்பள உயர்வு கேட்டிருக்கிறார், ஒருமுறை பூண்டு தின்றுவிட்டு வந்திருக்கிறார். இறந்த பிறகு இவற்றில் எதையும் அவர் செய்யவில்லை. இந்த முன்னேற்றத்தைத்தான் நாம் ஆராய்ச்சி என்கிறோம். மூலக் கையில் ஒரு பிழையும் இருந்தது. சுண்டுவிரல் கோணலாக இருந்தது. நமது நிபுணர் குழு பாடுபட்டு அதை நேராக்கிவிட்டது. கோணலான பழைய கைகளை எல்லாம் திரும்பப் பெற்றுவிட்டோம்."

திரை விலகியது. கண்ணாடிப் பேழைக்குள் வெல்வெட் மேல் கை நின்றது. சுண்டுவிரல் அளவுகோல் மாதிரி நேராக இருந்தது.

அந்த விரலைக் கோணலாக்கியது அவள். கல்யாணமான புதிதில், அவர் கை வைத்திருப்பதைப் பார்க்காமல் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டாள். எலும்பு ஒட்டியது, நேராகவில்லை. எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அவர் அந்த விரலை நீட்டிக் காட்டுவார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அதோடு தீர்ந்துபோகும். அத்தனை வருஷக் குடித்தனமும் அந்தக் கோணலில்தான் இருந்தது. நிபுணர் குழு அதைப் பிழை என்று எடுத்துவிட்டது.

பேழையில் இருந்தது யாரோ ஒருவரின் கை. அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு இனி ஆசையே இல்லை. மேடைக்கு வரச் சொன்னபோது அவள் எழுந்து, எதிர்ப்பக்கம் இருந்த கதவைப் பார்த்து நடந்தாள். இயக்குநர் அவளுடைய ஆசனத்தோடு கைகுலுக்கிவிட்டு விழாவைத் தொடர்ந்தார்.

நடைபாதையில் தட்டுக்காரர் நின்றிருந்தார். அவள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கோணல் விரல் இருந்த கையையெல்லாம் என்னங்க பண்ணாங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஒருதடவை இறுகிடுச்சுன்னா இதை மறுபடி உருக்க முடியாது. புதைச்சா மக்காது. கீழ அடுக்கி வெச்சிருக்காங்க." பிறகு, கேட்காமலே, படிக்கட்டைக் காட்டினார். "நான் பாக்கல. தட்டைத் துடைச்சுட்டு இருந்தேன்."

கீழே அறைக்கு ஜன்னல் இல்லை. விளக்கைப் போட்டதும் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள், அலமாரி நிறைய அவர் கைகள். எல்லாம் மணிக்கட்டில் நிமிர்ந்து, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றன. அவள் கதவைத் திறந்த காற்றில் மெல்லிய ரப்பர் விரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஆடின. நில் என்று சொல்கிறாரா, வா என்று கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர் இத்தனை நாளும் இங்கேயா நின்றுகொண்டிருந்தார் என்று துக்கமாக இருந்தது.

ஒவ்வொரு சுண்டுவிரலாகத் தடவிக்கொண்டே போனாள். கோணல் விரல்கள் இருந்தன, ஆனால் எல்லாம் சில்லென்று, வழவழவென்று நழுவின. பிடித்தால் பிடிபடாத கைகள். அந்த அதிகாரி அம்மாள் சொன்னது சரிதான், பிடிப்பது அவற்றின் குறிப்பில் இல்லை.

கடைசி அலமாரியின் அடித்தட்டில், பாலித்தீன் தாளில் சுற்றி, ஒரு கை தனியாக இருந்தது. தாளை மடித்துச் செருகியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் சுற்றியது என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் துணியில் கட்டும்போதும் அவர் நுனியை அப்படித்தான் உள்ளே செருகுவார். அவள் தரையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். அது வரமாட்டேன் என்று பிசுபிசுத்துக்கொண்டே வந்தது.

முதல் கை. பூண்டு கெடுத்த கை.

அவள் தன் வலது கையை அதன் உள்ளங்கைமேல் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது. லேசாக இழுத்துப் பார்த்தாள், அதுவும் கூடவே வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"இதோ வந்துட்டேங்க," என்றாள். வெந்நீர் பிடிக்கப் போனவள் அப்போதுதான் படியேறி வந்து சேர்ந்தாள். அங்கேயே, அத்தனை கைகளுக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள்.

வாசலில் யாரும் இல்லை. மேலே விழாவில் இன்னும் தொப் தொப்பென்று கேட்டது. வெளியே போவதற்கும் கதவுக்குப் பதிவான கை வேண்டும். மனமில்லாமல் தன் கையைப் பிரித்தெடுத்து, அவர் கையைக் கண்ணாடியில் வைத்தாள். கதவு யோசித்தது. பிறகு, அத்தனை காலத்தில் முதல் தடவையாக, "உங்கள் பணி முடிந்தது. சென்று வாருங்கள்," என்றது. கையைக் கண்ணாடியிலிருந்து பிரித்தபோது அங்கே ஓர் ஈரத் தடம் தங்கியது. அவள் மறுபடி கையைக் கோத்துக்கொண்டு, தெருவில் அவரோடு நடந்தாள். எதிரில் வந்தவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அவள் கவலைப்படவில்லை.

சில நாள் கழித்துத் தட்டுக்காரர் வீட்டுக்கே வந்தார். தட்டில் மூக்குக்கண்ணாடி, செருப்பு, சாப்பாட்டு டப்பா மூன்றும் இருந்தன. "வெளிய போயிட்டாருன்னு பதிவாயிடுச்சும்மா. இனிமே சாமானைக் கொடுக்கலாமாம்." கதவில் படிந்த தடத்தை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை, கதவு நாள் முழுக்கச் சென்று வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே திறந்து மூடுகிறது, இயக்குநர் உட்பட எல்லாரும் பணி முடிந்து போனதாகப் பதிவாகிறது என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

தட்டின் அடியில் கணவர் பெயருக்கு ஒரு கடிதமும் இருந்தது. நாத்தனார் அதை உரக்கப் படித்தாள். உரிய அனுமதி இன்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறியது கடும் ஒழுங்கீனம். ஒரு வாரத்துக்குள் தாங்களோ தங்கள் மனைவியோ கைப்பட விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தவறினால் தாங்கள் இறந்துவிட்டதாகவே நிறுவனம் கருத நேரிடும்.

"ஒரு வரி எழுதிப் போட்டுடலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

அவள் எழுதவில்லை. எழுதுகிற கை அவர் கையில் இருந்தது.